சுத்தோதனருக்கு எத்தனை மார்க்கு

இயேசுவுக்கு மூணு, நபிகளுக்கு நாலு, இந்தப் பிள்ளை மகாவீரரை எழுதியிருக்கு, இதுக்கும் மூணு. அவங்களுக்கெல்லாம் மார்க்கு போட நான் யாரு, எழுதின பிள்ளைங்களுக்குத்தான் போடுறேன், இருந்தாலும் காலையிலிருந்து இந்த நாப்பத்திரண்டாவது கேள்வி வர்றப்பெல்லாம் பேனா நின்னு நின்னு போவுது. உலக வரலாற்றில் பெருந்தாக்கம் ஏற்படுத்தியவர் என நீவிர் கருதும் சமய நிறுவனர் ஒருவரைப் பற்றிக் காரணங்களுடன் எழுதுக. அஞ்சு மார்க்கு. எந்தப் புண்ணியவான் எடுத்த கேள்வியோ, மவராசன் நல்லா இருக்கட்டும், இந்த வருஷம்தானா கிடைச்சது அவனுக்கு. ஆத்தூர்ல பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு அறை, அந்தப் பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சுல ஐம்பத்தாறு வயசு முழங்காலை மடக்கி வெச்சுக்கிட்டு பிளஸ் டூ வரலாறு திருத்திக்கிட்டிருக்கேன். காலையில பன்னிரண்டு பேப்பர், மதியம் பன்னிரண்டு பேப்பர். போனை வாசல்லயே கவருல போட்டு வாங்கி வெச்சுட்டாங்க, டோக்கன் நம்பர் நாப்பத்தொண்ணு. மின்விசிறி சுத்துதா சுத்தலையான்னு அதுக்கே சந்தேகம். சட்டைப் பையில அந்தக் காகிதம் நாலா மடிச்சபடி இருக்கு, வேர்வையில நெஞ்சோட ஒட்டிக்கிட்டு. தொட்டுப் பாக்காதே வையாபுரி. தொட்டுப் பாத்துட்டேன். இருக்கு. சரி, அடுத்த பேப்பரை எடு.

ஒண்ணும் பெரிய காகிதம் இல்ல. நாலே வரி. எங்கள் மகன் செழியன், வயது இருபத்தாறு, பௌத்த பிக்குவாகத் துறவேற்க எங்களுக்கு முழுச் சம்மதம். கீழ ரெண்டு கோடு. இடது பக்கக் கோட்டுல தமயந்தின்னு என் வீட்டுக்காரி கையெழுத்து இன்னிக்குக் காலையில விழுந்துடுச்சு. வலது பக்கம் வெறும் கோடு. அது என்னுது. நாளைக்குச் சித்ரா பௌர்ணமி, நாளைக்கு விடியக்காலையில கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மலையடியில இருக்கிற அவங்க விகாரையில இவனுக்கு மொட்டை அடிச்சுத் துவராடை குடுக்கறாங்களாம். அதுக்கு முன்னாடி சபை நடுவுல நிக்க வெச்சு பெரிய பிக்கு கேப்பாராம், உனக்குத் தொத்து வியாதி இருக்கா, நீ ஆம்பளையா, கடன் பாக்கி உண்டா, அம்மா அப்பா அனுமதி குடுத்தாங்களா. குடுத்தாங்க ஐயான்னு இவன் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. அதான் காகிதம். நாலரை மணிக்கு இந்தப் பள்ளிக்கூட வாசல்ல வந்து நிப்பான், அஞ்சு மணி பஸ். நேத்துதான் காகிதத்தோட விகாரையிலிருந்து வீட்டுக்கு வந்தான், போடலைன்னா என்னடா பண்ணுவேன்னு ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி கேட்டேன், ராத்திரிச் சோறு எனக்குத்தான், அவன் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல பச்சைத்தண்ணிதான், அந்தக் கூத்து வேற. "போடலைன்னா போக மாட்டேம்ப்பா. இங்கயே இருப்பேன்" அப்படின்னான். கோவமில்ல, அழுகையில்ல, பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னான். அட, ஓடிப் போறேன்னு சொல்லேன்டா! ஓடிப் போறவனைத் திட்டலாம், தேடலாம், போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம், ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கலாம். கேட்டுட்டு நிக்கறவனை என்ன பண்றது?

மதியக் கட்டு பன்னிரண்டுல இது மூணாவது. ஒரு வார்த்தை விடையெல்லாம் சரி சரி தப்பு சரி. வெட்டு, கோடு, கூட்டு. எனக்குப் பக்கத்துல இம்மானுவேல் சார், தலைவாசல் ஸ்கூல், எந்நேரமும் வாயில ஏலக்காய். "வையாபுரி சார், என் கட்டுல புத்தருதான் லீடிங். ஏழு பேர். உங்க கட்டுல யாரு?" தேர்தல் நிலவரம் கேக்கறாரு. "கலந்து வருது சார்"னேன். "எங்காளுக்குக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க" அப்படின்னு கண்ணடிக்கறாரு. நல்ல மனுஷன். அவர்கிட்ட சொல்லிடலாமான்னு தோணுச்சு. என்னன்னு சொல்றது? பையன் என்ன பண்றான்னு கேக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் எட்டு மாசமா ஓசூர்ல இருக்கான் ஓசூர்ல இருக்கான்னே சொல்லிட்டு வர்றேன். தமயந்தி மட்டும் யார் கேட்டாலும் பளிச்சுனு விகாரையில இருக்கான்னு சொல்லிடறா. கோவிலா டீச்சர்னு கேட்டா ஆமா அந்த மாதிரிதான்ங்கறா. அவளுக்கு எப்படி முடியுது? காலையில காப்பி டம்ளரை வெச்சுட்டு அந்தக் காகிதத்துல என் நீலப் பேனாவாலயே கையெழுத்துப் போட்டா. ஏண்டி, உனக்குப் பெத்த வயிறு எரியலையான்னு கத்தினேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. "எரியாம என்ன? உங்க புத்தரு பொண்டாட்டி கண்ணு முழிக்கறதுக்குள்ள எழுந்து போனாரு. என் புள்ள வந்து உக்காந்து கேக்கறான். எனக்கு அது போதும்"னுட்டு தோசைக்கல்லைப் போட்டா. உங்க புத்தராம். எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், நான் பாடம் நடத்தினவன்.

முப்பத்தொரு வருஷம் நடத்தினவன். சமய நிறுவனர்கள்னா பலகையில வரிசையா எழுதி, பிறப்பு, இடம், கொள்கை, பரவிய நாடுகள், கட்டம் போட்டுக் கட்டம் போட்டு. அதுல அப்பன்னு ஒரு கட்டம் போட்டிருக்கேனா? இந்தக் கீயில இருக்கா? விடைக்குறிப்பு இதோ, பெயர் ஒரு மார்க்கு, காரணம் நாலுக்கு நாலு. அரசர்களின் ஆதரவு, எளிய மொழி, சமத்துவம், வணிகப் பாதைகள். எத்தனை கோடிப் பேரு பின்னால போனாங்கன்னு எண்ணறோம், வாசப்படியில யாரு நின்னாங்கன்னு எண்ணறதில்ல. நபிகள் பிறக்கறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு, ஆறு வயசுல அம்மாவும் போயாச்சு, அவர்கிட்ட சம்மதக் கையெழுத்து கேக்க ஆளில்ல. இயேசு பன்னிரண்டு வயசுல திருவிழாக் கூட்டத்துல காணாமப் போயி மூணு நாள் தேடியிருக்காங்க, கோவில்ல உக்காந்து பெரியவங்களோட பேசிக்கிட்டிருந்தாராம், அவங்கப்பா, அந்தத் தச்சரு, என்ன சொன்னாருன்னு எங்கயும் இல்ல, அவரு பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பாரு, மறுநாள் மரம் இழைச்சிருப்பாரு. நானக்கோட அப்பா, வியாபாரம் பண்ணிட்டு வாடான்னு அனுப்பினா பையன் பசிச்சவங்களுக்கெல்லாம் சோறு போட்டுட்டு வந்து நின்னானாம், ரெண்டு அறை விட்டிருப்பாரு, நானா இருந்தா விட்டிருப்பேன். மகாவீரர் அம்மா அப்பா இருக்கற வரைக்கும் வீட்டை விட்டுப் போக மாட்டேன்னு இருந்தாருன்னு ஒரு சாரார் சொல்றாங்க. நேத்து அதைத்தான் எடுத்து விட்டேன் செழியன்கிட்ட. பாத்தியா, அவரும்தான் துறவி, பெத்தவங்க மனசு நோகாம இருந்துட்டு அப்புறம் போனாரு. எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு. "அப்ப நீங்க எப்ப சாவீங்கன்னு பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களாப்பா?" கிண்டலாச் சொல்லல, நெஜமாவே சந்தேகம் கேட்டான், அதுதான் சுருக்குனு ஏறிடுச்சு. அடுத்த பேப்பர். இதுல புத்தர். எட்டுப் பக்கம் எழுதியிருக்கான் மகராசன், எல்லாம் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி. மூணு. இல்ல, நாலாப் போடு, கை வலிச்சிருக்கும்.

இந்தச் சம்மத விதி எங்கிருந்து வந்துச்சுன்னு அவன்தான் சொன்னான். எனக்குத் தெரியாது, வெக்கக்கேடு. புத்தர் ஊருக்குத் திரும்பி வந்தப்ப தன் புள்ளையையும் மொட்டை அடிச்சுக் கூட்டத்துல சேத்துக்கிட்டாராம். ஏழு வயசு ராகுலன். புத்தரைப் பெத்த கிழவருக்குத் தாங்கல. மகனும் போயி, இன்னொரு மகனும் போயி, இப்பப் பேரனும். நேரா மகன்கிட்டப் போயி ஒண்ணு கேட்டாராம் சுத்தோதனர், பட்டது நாங்க, இனிமேலாவது அம்மா அப்பா சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் சேக்காதே. சரின்னுட்டாராம் புத்தர். அன்னையிலிருந்து அது சட்டம். ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம். எத்தனை ராஜ்யம் எழுந்து விழுந்தது, அந்தக் கிழவர் கேட்ட ஒத்தை வரி மட்டும் அப்படியே நடந்து வந்து என் சட்டைப் பையில உக்காந்திருக்கு. அவரு சேர்த்து வெச்ச அதிகாரம் இது, அப்பனுங்களுக்காக. வேணாம்னு சொல்றதுக்குத்தானே கேட்டு வாங்கினாரு? அப்போ நான் வேணாம்னு சொன்னா அது அவருக்கு மரியாதைதானே? அப்படித்தான் காலையில பஸ்ல வர்றப்ப நினைச்சேன். நல்ல பாயிண்ட்டு, ஒரு மார்க்கு. கூட்டிப் பாத்தா மொத்தம் வர மாட்டேங்குது. இந்தப் பேப்பரோட கூட்டலும் தப்பு, அறுபத்திரண்டு இல்ல, அறுபத்திமூணு. அடிச்சுத் திருத்திச் சின்னக் கையெழுத்து. சீஃப் தங்கவேல் சாரு கண்ணாடிக்கு மேல பாக்கறாரு. "வையாபுரி சார், என்ன இன்னிக்கு நாலாவது அடித்தல்? உடம்பு சரியில்லையா?" "வெக்கை சார்." வெக்கையாம்.

யாரைச் சொல்லி என்ன, கூட்டிட்டுப் போனவனே நான்தான். தியாகனூர் இங்கிருந்து பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களைச் சுற்றுலான்னு ஒரு வேன்ல அள்ளிட்டுப் போனேன், அவனும் அப்ப ஏழாவது, என் கிளாஸ்லயே. அங்க புத்தர் பெருசா, கல்லு, கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. சுத்தி வயக்காடு. பிள்ளைங்க கிட்ட நான் உயரம் எத்தனை அடி, எந்த நூற்றாண்டு, எப்படி வயலுக்கு நடுவுல கிடந்துதுன்னு முழங்கிட்டிருக்கேன். இவன் மட்டும் சிலைக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டான், அதே மாதிரி கையை மடியில வெச்சுக்கிட்டு. மத்தப் பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்ப கேட்டான், "அப்பா, இவரு வீட்டுல சொல்லிட்டு வந்தாரா?" சார்னு கூப்பிடணும் பள்ளிக்கூடத்துல, ஆனா அப்பான்னுதான் கேட்டான். "சொன்னா விடுவாங்களாடா?" அப்படின்னேன். பிள்ளைங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சுதுங்க. நல்லா ஞாபகம் இருக்கு, எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, டக்குனு ஒரு பதில் சொல்லிட்டோம்னு. அவன் சிரிக்கல. வேன்ல வர்றப்ப ஜன்னல் பக்கம் உக்காந்து வெளியே பாத்துட்டே வந்தான். அதெல்லாம் மறந்திருப்பான். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு என்ன நெனப்பு இருக்கும். ஏழாவது பேப்பர். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

டீ வந்துச்சு. ஆறிப் போச்சு. மணி மூணேகால். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம். போன் இருந்தா தமயந்திகிட்டப் பேசலாம், பேசி என்ன பண்ண, அவ முடிச்சுட்டா. என் பயம் வேற. யார்கிட்டயும் சொல்லாத பயம். ஓசூர்ல அவன் வேலை பாத்த ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்ட்டுல ஒரு பையன் பிரஸ் மெஷின்ல மாட்டிச் செத்துப் போனான், செழியனுக்குப் பக்கத்து மெஷின், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல தங்கியிருந்தவங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தவன் தூங்கல. அஞ்சு மாசம். சேலத்துல டாக்டர், மாத்திரை, ஊசி, ஏற்காட்டுல ஒரு வாரம் காத்து வாங்கினது, எல்லாம். ரூம் கதவைச் சாத்தினா நான் வெளியில காதை வெச்சுக்கிட்டு நிப்பேன். தாழ்ப்பாளை நானே கழட்டிட்டேன், ஸ்க்ரூ டிரைவர் வெச்சு, அவன் குளிக்கப் போனப்ப. மின்விசிறியைப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் புடிச்சது. கேட்டா ஒண்ணுமில்லப்பான்னான். சொன்ன பேச்சைக் கேப்பான், சாப்புடுன்னா சாப்புடுவான், படுன்னா படுப்பான், கண்ணு மட்டும் திறந்தே இருக்கும். கூட வேலை பாத்தவன் ஒருத்தன் பத்து நாள் உக்காந்துட்டு வரலாம்னு அந்த விகாரைக்குக் கூட்டிட்டுப் போனான். பதினோராம் நாள் போன் பண்ணி, "அப்பா, நேத்து நல்லாத் தூங்கினேன்"னான். நான் வெராந்தாவுல நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அப்ப வேண்டிக்கிட்டேனே, எங்க இருந்தாலும் என் புள்ள தூங்கினா போதும் கடவுளேன்னு. வேண்டினவன் வாயாலதான் இப்ப வேணாங்கணும். போதும்னு சொன்னேனே தவிர, மொட்டை அடிக்கச் சொல்லலையே. நாளையிலிருந்து அவன் எனக்கு மகன் இல்லையாம், நான்தான் அவன் கால்ல விழுந்து கும்பிடணுமாம், டா போடக் கூடாதாம், வாங்க ஐயா உக்காருங்க ஐயாங்கணுமாம். சுத்தோதனரும் விழுந்து கும்பிட்டாராம். விழட்டும். எனக்கு முழங்கால் மடங்காது.

ஒன்பதாவது பேப்பர். நாப்பத்திரண்டு. புத்தர்தான். லும்பினி, கபிலவஸ்து, அசோகர், இலங்கை, சீனா, எல்லாம் மனப்பாடம், சுமாரான பையன், இல்ல பொண்ணா, பேரை மறைச்சு டம்மி நம்பர் போட்ட தாள்ல என்ன தெரியும். கடைசியில தனியா ஒரு பத்தி. "புத்தரின் அப்பா அவரை வெளியே விடாமல் அரண்மனையிலேயே அடைத்து வைத்தார். அதனால்தான் அவர் வெளியே பார்த்ததும் பயந்து போனார். அப்பா முதலிலேயே விட்டிருந்தால் அவர் கேட்டுக்கொண்டே போயிருப்பார், சொல்லாமல் போயிருக்க மாட்டார். எனவே உலக வரலாற்றில் அதிகத் தாக்கம் ஏற்படுத்தியவர் புத்தரின் அப்பா எனலாம்." எனலாமாம்! அடி செருப்பால. யாரு சொல்லிக் குடுத்தது இதை? கீயில இல்ல, புத்தகத்துல இல்ல. பதினேழு வயசு, அப்பன்கிட்ட என்ன சண்டையோ வீட்டுல, இங்க வந்து கொட்டியிருக்கு. எனக்குக் காது சூடாயிடுச்சு. தாழ்ப்பாளைக் கழட்டினேனே, அது அடைச்சு வெச்சதுல சேருமா? ஓசூர்ல இருக்கான்னு ஊருக்குச் சொன்னேனே, அது? பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். விடைத்தாளுக்குள்ளயே வெச்சு யாருக்கும் தெரியாமப் படிச்சேன், நாலு வரியையும் நாலு தரம். தமயந்தியோட கையெழுத்து அழுத்தி அழுத்திப் பின்பக்கம் எழும்பியிருக்கு. பேனாவைக் கொண்டு போனேன். அப்பப் பாத்து சீஃப் கூப்பிட்டாரு. "வையாபுரி சார், ஒரு நிமிஷம், உங்க மார்க் ஷீட்டுல ஒரு வரிசை தப்பாப் போயிருக்கு." பேப்பரை மூடி வெச்சுட்டு எழுந்து போனேன். போயி, அதைச் சரி பண்ணி, திட்டு வாங்கி, திரும்பி வந்து பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. கட்டைக் கட்டி எஸ்.ஓ. திலகவதி மேடம்கிட்டக் குடுத்தாச்சு. நாங்க திருத்தினதுல விட்டது தொட்டது உண்டான்னு பக்கம் பக்கமாப் பாக்கறதுதான் அந்த அம்மாவுக்கு வேலை. மணி நாலு பத்து.

சட்டைப் பையைத் தொட்டேன். இல்ல. பேண்ட் பை. இல்ல. மேஜைக்கு அடியில, கீ காகிதத்துக்கு நடுவுல, இம்மானுவேல் சாரோட பெஞ்சுக்குக் கீழ. இல்ல. முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா, மறைக்க மாட்டேன், தொலைஞ்சதுடா சாமி, விட்டுது தொல்லைன்னுதான் தோணுச்சு. வாசல்ல போயி, கண்ணு, அது எங்கயோ விழுந்துடுச்சுடா, பௌர்ணமி அடுத்த மாசமும் வரும்னு சொல்லிடலாம். பொய்யும் இல்ல. அவன் என்ன சொல்லுவான்? சரிப்பாம்பான். அவ்வளவுதான். சரிப்பான்னுட்டு என்கூடவே வீட்டுக்கு வருவான், என் பையைத் தூக்கிக்குவான், பஸ்ல எனக்கு ஜன்னல் சீட்டு விடுவான். சாப்புடுன்னா சாப்புடுவான். படுன்னா படுப்பான். அந்தக் கண்ணு. திறந்தே இருக்கற அந்தக் கண்ணு. அடுத்த மாசமும் ஏதாவது விழுந்து தொலையும், அதுக்கடுத்த மாசமும், நான் அவனுக்கு நல்ல சட்டையா வாங்கிக் குடுத்து, நல்ல சோறாப் போட்டு, கெட்டது எதுவும் கண்ணுல படாமப் பாத்துக்கிட்டு... ஐயோ. ஐயையோ, இதைத்தானேய்யா அந்தக் கிழவர் பண்ணாரு. மறுபடியும் பையைத் தொடறேன், இருக்காதுன்னு தெரிஞ்சே தொடறேன். எங்க போச்சு அந்தக் காகிதம், எங்கடா போச்சு, தரையில மண்டி போட்டுத் தேடறேன், மடங்காத முழங்கால் மடங்கிடுச்சு. "என்ன சார், மோதிரமா?" இம்மானுவேல் சாரும் குனியறாரு. "என் பையன் சார்"னுட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியல. ஏலக்காயை மெல்றதை நிறுத்திட்டுக் கூடவே தேடறாரு, எதைத் தேடறோம்னுகூடக் கேக்காம.

"வையாபுரி சார்." திலகவதி மேடம், தலைக்கு மேல. கையில ஒரு பேப்பர், விரல் நடுவுல வெச்சிருக்கு. எழுந்து நின்னேன். "முப்பது வருஷ சர்வீஸ்னு சொல்லிக்கிறீங்க. நாப்பத்திரண்டாவது கேள்விக்கு மார்க்கே போடாம விட்டிருக்கீங்க. நான் பாக்காமப் போயிருந்தா மெமோ உங்களுக்குத்தான் வரும்." ஒன்பதாவது பேப்பர். அந்தப் பத்தி. போடலையா நான்? போடல. பக்கம் முழுக்க என் பேனா படவே இல்ல. அப்படியே நின்னுக்கிட்டு அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். அந்த அம்மா கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் படிச்சுப் பாத்துச்சு. "என்ன சார் இது, புத்தரோட அப்பாவாம். கீயில இல்லாத பாயிண்ட்டு, ஒண்ணாவது குறைங்க." "கீ தயாரிச்சவருக்குப் பிள்ளைங்க இல்லையோ என்னமோ மேடம். குறைக்க மாட்டேன். சீஃப் கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க." எங்கிருந்து வந்துச்சு எனக்கு இந்த வாய்? அந்த அம்மா பேப்பரை வாங்கி மூடிடுச்சு. அப்புறம் குரலை இறக்கிட்டு, "இதுவும் உள்ளதான் இருந்துச்சு. கூடுதல் தாளோன்னு பாத்தேன்" அப்படின்னு அந்தக் காகிதத்தைக் குடுத்துச்சு. படிச்சிருக்கு. முகத்துலயே தெரியுது. ஆனா பழக்க தோஷமோ என்னமோ, வெறும் கோட்டை விரலால தொட்டுக் காட்டுச்சு. "இங்கயும் விட்டுட்டீங்க சார்."

நின்ன வாக்குலயே போட்டேன். ச. வையாபுரி. முப்பத்தொரு வருஷம் எத்தனை ஆயிரம் தாள்ல போட்ட கையெழுத்து, இதுல மட்டும் கடைசி எழுத்துக்கிட்டப் பேனா தடுக்கிக் கொஞ்சம் கிழிச்சிடுச்சு. போட்டப்புறம்தான் பாத்தேன், சிவப்பு மை. "ஐயோ, நீலத்துல போட்டிருக்கணுமோ?"ன்னு திலகவதி மேடம் பதறுச்சு, எனக்கு மேல அந்த அம்மா பதறுச்சு. பரவாயில்லம்மான்னேன். மேடம்னு சொல்ல வரல. மணி நாலே முக்கால். எப்ப ஆச்சு நாலே முக்கால்? அஞ்சு மணி பஸ். படியில இறங்கி, மைதானத்தைக் குறுக்கால கடந்து, ஓடறேன், ஐம்பத்தாறு வயசுல பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல் மைதானத்துல ஒரு காகிதத்தைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடறேன், டோக்கனும் போனும் கிடக்கட்டும். மூச்சு வாங்குது. போயிருப்பானோ? அப்பா வரல, அதனால சம்மதமில்லன்னு பஸ்ஸை விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பானோ? அவன் அப்படித்தான் நினைச்சுக்குவான், ஒரு போன்கூடப் போட மாட்டான், போட்டாலும் அது கவருல கிடக்கு.

வேப்பமரத்துக்குக் கீழ நின்னுட்டிருந்தான். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, தோள்ல ஒரு துணிப் பை, அவ்வளவுதான் மொத்தச் சொத்தும். நான் ஓடி வர்றதைப் பாத்துட்டு ரெண்டு எட்டு முன்னால வந்தான். "மெதுவாப்பா, ஏன் ஓடறீங்க? முழங்கால்." நீட்டினேன். பிரிச்சான். படிச்சான். சிவப்பைப் பாத்தான், கிழிசலைப் பாத்தான், கட்டைவிரலால அந்த இடத்தைத் தடவிவிட்டான். ரோட்டுல ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. "தியாகனூர்ல கேட்டேனேப்பா" அப்படின்னான், குனிஞ்சுக்கிட்டே. "சொன்னா விடுவாங்களாடான்னு சொன்னீங்க. அன்னையிலிருந்து எனக்கு அதுதான்ப்பா பயம்." மறக்கல. பதினாலு வருஷம் மறக்கல. பக்கத்து மெஷின்ல ஒருத்தன் செத்ததைப் பாத்துட்டுத் தூங்காம கிடந்த அஞ்சு மாசமும், அந்த விகாரையில தூங்கின எட்டு மாசமும், என் புள்ள மனசுக்குள்ள நான் சிரிச்சுக்கிட்டே நின்னிருக்கேன், அந்தச் சிலைக்குப் பக்கத்துல, பதில் சொல்லிட்ட பெருமையோட. அவன் தலையில கை வெச்சேன். நல்ல அடர்த்தி, தமயந்தி முடி. நாளைக்கு இது இருக்காது. நாளைக்கு நான் குனியணும், குனிஞ்சுக்கலாம், கால் மடங்குதுன்னுதான் தெரிஞ்சு போச்சே. நாளையிலிருந்து வாங்க, உக்காருங்க, ஐயா. இன்னிக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கு.

"விட்டுட்டேன்டா"ன்னேன். "போடா."